யார் பக்கம் நிற்பது? காரைக்குடி ஹெச்.ஆர். மேலாளர் ஒருவருக்குப் பதில்

வாசகர் கடிதம்:

"வணக்கம். சொந்த ஊர் தேவகோட்டை. எம்.பி.ஏ. முடித்துக் கோயம்புத்தூரில் சில காலம் வேலை பார்த்தேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பிவிட்டேன். மூன்று ஆண்டுகளாகக் காரைக்குடியில் ஒரு குடும்ப நிறுவனத்தில் ஹெச்.ஆர். (மனிதவள) மேலாளராக இருக்கிறேன். ஜவுளிக்கடை, கானாடுகாத்தானில் பழைய வீட்டில் நடக்கும் ஹோட்டல், பள்ளத்தூர்ப் பக்கம் பலகாரக் கூடம் என மூன்று இடத்திலும் சேர்த்து 170 பேர். பலகாரக் கூடத்தை ஆச்சி பார்க்கிறார்கள். அங்கே பெண்களுக்குக் கிலோக் கணக்கில்தான் கூலி.

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சின்ன முதலாளி, முகம் பார்த்து வருகை பதியும் கருவியும், விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் மென்பொருளும் வாங்கிவிட்டார். என் பதவிப் பெயரையும் 'பீப்பிள் ஹெட்' என்று மாற்றிவிட்டார். ஆனால் நான் செய்வது இன்னும் லீவு கணக்கும் சம்பளப் பட்டியலும்தான். பெரிய முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கடையில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கிறார். அதனால் ஊழியர்கள் என்னைக் கண்டாலே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். முப்பது ஆண்டுகளாகச் சம்பளம், அட்வான்ஸ் எல்லாம் பார்த்துவந்த கணக்கப்பிள்ளை ஐயா, தன் இடத்தைப் பிடிக்க வந்தவள் என்று என்னை நினைக்கிறார்.

இந்தக் காலத்தில் ஹெச்.ஆர். தலைமை என்றால் என்ன? நான் யார் பக்கம்? பேசாமல் சென்னைக்கே போய்விடலாமா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

யார் பக்கம் என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதில் தெளிவு வந்தால் மற்றவை தானாக ஒழுங்குக்கு வரும்.

நீங்கள் நிர்வாகத்தின் ஆள். சம்பளம் தருவது முதலாளி. அவர் தொழில் நன்றாக நடக்கவேண்டும் என்றுதான் உங்களை வைத்திருக்கிறார். இதை ஊழியர்களிடம் மறைக்கவேண்டிய அவசியமே இல்லை. "நான் உங்களில் ஒருத்திதான்" என்று சொல்லிப் பழகுகிற மேலாளர், ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தவேண்டிய நாள் வரும்போது எல்லாருடைய நம்பிக்கையையும் ஒரேயடியாக இழப்பார். ஆனால் நிர்வாகத்தின் ஆளாக இருப்பதும், பெரிய முதலாளிக்கு ஒற்று சொல்வதும் வேறு வேறு.

அவருக்கு உங்களிடமிருந்து என்ன தேவை என்று பாருங்கள். 170 பேர் மூன்று இடத்தில் வேலை செய்கிறார்கள். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எல்லாரும் சிரித்த முகமாகத்தான் நிற்பார்கள். ஹோட்டல் மாஸ்டர் ஏன் வெளிநாட்டு விசாவுக்கு அலைகிறார், இரண்டாம் தளத்தில் மட்டும் பெண் பிள்ளைகள் ஏன் நிலைப்பதில்லை என்பதெல்லாம் அவர் காதுக்கு நேராக வராது. அது உங்கள் வழியாகத்தான் வரமுடியும். நீங்கள் பெயர் சொல்லத் தொடங்கினால் அந்த வழி அடைந்துவிடும். இப்போதே உங்களைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள் என்கிறீர்களே, பாதி அடைந்துவிட்டது என்று அர்த்தம். இதை முதலாளியிடம் நியாய தர்மமாகப் பேசுவதைவிடத் தொழில் நஷ்டமாகப் பேசுங்கள். "ஐயா, கடையில் என்ன குறை பேசிக்கொள்கிறார்கள் என்று மாதாமாதம் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். யார் சொன்னார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். பெயர் வெளியே போனால் அடுத்த மாதம் என்னிடம் சொல்ல ஆள் இருக்காது." இவ்வளவு போதும். தொழில் செய்து பழுத்தவருக்கு இது புரியும்.

பெயரைக் காக்க முடியாத இடங்களும் உண்டு: பணமோ சரக்கோ திருட்டுப்போவது, உயிருக்கு ஆபத்தான விஷயம், பாலியல் தொந்தரவு. இந்த மூன்றில் நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும் என்பதை ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "எதைச் சொன்னாலும் என்னோடு இருக்கும்" என்று எந்த ஹெச்.ஆர். மேலாளரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. சிலர் அழுதுகொண்டே வந்து நிற்கும்போது அப்படிச் சொல்லிவிடத் தோன்றும். சொல்லாதீர்கள்.

பாலியல் தொந்தரவைப் பொறுத்தவரை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாகவேண்டும். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியரிடம் இருக்கவேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்கவேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். உங்கள் கடை, ஹோட்டல், பலகாரக் கூடம் மூன்றும் வெவ்வேறு ஊரில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் குழு தேவை. புகார் கொடுக்க மூன்று மாத அவகாசம், விசாரணையை முடிக்க 90 நாள். குழுவின் பெயர்ப் பட்டியலைப் பெண்கள் சாப்பிடும் இடத்தில் ஒட்டுங்கள். முதலாளி அறையில் ஒட்டினால் யாரும் பார்க்கப்போவதில்லை. ஹோட்டலில் இரவுப் பணி உண்டு, வெளியூர் விருந்தினர் வந்து போவார்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள். விருந்தினர் தவறாக நடந்தாலும் இந்தச் சட்டத்தின் கீழ் முதலாளிக்குப் பொறுப்பு உண்டு என்பதைச் சின்ன முதலாளிக்கும் சொல்லிவையுங்கள்.

அடுத்து, ஹெச்.ஆர். தலைமை எப்படி மாறியிருக்கிறது என்று கேட்டீர்கள். நம் நாட்டில் இந்தத் தொழில், ஆலைகளில் வருகையைப் பதியும் டைம் ஆபீசிலிருந்து வந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் நல அலுவலர் ஒருவரை வைக்கச் சொன்னது. கேன்டீன், குழந்தைகள் காப்பகம், தொழிற்சங்கத்தோடு பேச்சுவார்த்தை, போனஸ் ஒப்பந்தம் என்று அவர்கள் வேலை ஓடியது. தாராளமயமாக்கலுக்குப் பிறகு மென்பொருள் நிறுவனங்கள் பெருகியதும் ஆள் எடுப்பதே பெரிய வேலையானது. 1997இல் டேவ் உல்ரிச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஹெச்.ஆர். துறைக்கு நான்கு பொறுப்புகளைப் பிரித்துச் சொன்னார்: தொழிலின் திட்டத்தில் கூட்டாளி, அன்றாட நிர்வாகத்தில் நிபுணர், ஊழியரின் குரல், மாற்றத்தை நடத்துபவர். இன்றைக்கும் பெரிய நிறுவனங்களின் ஹெச்.ஆர். அமைப்பில் அதன் சாயல் இருக்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது கடையை மூடுவதா, யாரை வரச் சொல்வது, சம்பளம் எப்படி என்ற கேள்விகளெல்லாம் முதலாளிக்கு அடுத்தபடியாக ஹெச்.ஆர். மேசைக்குத்தான் வந்தன. இப்போது தரவும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டன.

இந்த மாற்றங்களில் உங்கள் வேலைக்கு நேராகப் பொருந்துவது ஒன்றுதான் என்பேன். முன்பு முடிவு எடுத்தபின் அதை நிறைவேற்ற ஹெச்.ஆரைக் கூப்பிட்டார்கள். இப்போது முடிவு எடுக்கும்போதே ஆட்களைப் பற்றிய உண்மையை எண்ணோடு எடுத்துவந்து வைப்பவரைத்தான் தலைமை என்கிறார்கள். பதவிப் பெயர் மாறியதால் அந்த இடம் கிடைக்காது. நீங்கள் எடுத்துப்போகும் கணக்கால் கிடைக்கும்.

எந்தக் கணக்கு என்கிறீர்களா? ஒரு நோட்டைத் திறந்து, கடந்த ஒரு வருடத்தில் வேலையை விட்டவர்கள் அத்தனை பேரையும் எழுதுங்கள். எந்தத் தளம், யாருக்குக் கீழே, எத்தனை மாதம் இருந்தார், எந்த மாதத்தில் போனார். ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் எண்களை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். ஜவுளிப் பிரிவில் 60 பேர், ஆண்டில் 24 பேர் விலகுகிறார்கள் என்று வைப்போம். சம்பளம் 14,000 ரூபாய். புதிதாக வருபவர் முதல் மூன்று மாதம் பழையவர் விற்பதில் பாதிதான் விற்பார். ஆக 21,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு விற்பனை இல்லை. ஆள் தேடும் செலவு, சீருடை, கற்றுக்கொடுக்கும் மூத்தவர் நேரம் என்று இன்னொரு 3,000. ஒருவருக்கு 24,000 என்றால் 24 பேருக்கு 5,76,000 ரூபாய். அதே பணத்தில் 60 பேருக்கும் மாதம் 800 ரூபாய் சம்பளம் கூட்டித் தரலாம். நாள் வட்டி பார்த்துப் பழகிய குடும்பத்தில் இந்த ஒரு தாளை வைத்தால், ஊழியர் மனநிலை பற்றிய இருபது ஸ்லைடுகளைவிட வேகமாக வேலை செய்யும்.

விலகுபவர்களிடம் காரணம் கேட்டுப் படிவம் நிரப்பச் சொல்வீர்கள். எல்லாரும் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதியிருப்பார்கள். நான் போன பல நிறுவனங்களில் அந்தக் கோப்பைப் புரட்டினால் அந்த ஒரு சொல்தான் பக்கம் பக்கமாக இருக்கும். கணக்கு முடித்துக் கொடுப்பார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில் இருக்கும் மனுஷி உண்மையை எழுதமாட்டாள். கணக்கு முடிந்து, பி.எஃப். பணமும் கைக்கு வந்து இரண்டு மாதம் போனபிறகு நீங்களே போன் போட்டு, "எப்படி இருக்கீங்க, எங்க வேலை பார்க்கிறீங்க?" என்று விசாரியுங்கள். உண்மை அப்போது வரும். நான் பார்த்த இடங்களில் அது பெரும்பாலும் சம்பளத்தில் நிற்காது. ஒரு ஃப்ளோர் மேனேஜரின் வாயில் வந்து நிற்கும்.

அதனால்தான் ஃப்ளோர் மேனேஜர்களிடம் உங்கள் நேரத்தில் பெரும்பங்கைச் செலவிடச் சொல்கிறேன். 170 பேரையும் நீங்கள் ஒருத்தியாகப் பார்க்க முடியாது. ஒவ்வொரு தளத்திலும் ஊழியருக்கு நிறுவனம் என்பது அந்த மேனேஜர்தான். ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பெண் போட்டு இன்க்ரிமென்ட் தருவதை அடோபி என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் 2012இல் கைவிட்டு, அடிக்கடி நேருக்கு நேர் பேசும் முறைக்கு வந்தது. ஊழியர்களை வரிசைப்படுத்திக் கடைசியில் இருப்பவர்களைக் கழிக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013இல் விட்டது. அவ்வளவு பெரிய நிறுவனங்களே திரும்பிவந்த இடம் ஒரு மேனேஜரும் ஓர் ஊழியரும் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவதுதான். மாதம் ஒருமுறை, கூட்டம் இல்லாத செவ்வாய் மதியத்தில் அதைச் செய்யச் சொல்லுங்கள். என்ன நன்றாகப் போகிறது, எது தடையாக இருக்கிறது, அடுத்து என்ன கற்றுக்கொள்ள ஆசை. இதைத் தாண்டிப் பெரிய படிவம் எதுவும் வேண்டாம். முதல் சில மாதம் நீங்களும் கூட உட்காருங்கள்.

உட்காருவது என்றதும் இன்னொன்று. கடையில் விற்பனைப் பெண்களுக்கு நாற்காலி இருக்கிறதா? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இருக்கையை வாங்கிப்போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கிற மேனேஜர் இருந்தால் சட்டமும் வீண். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்க்கும் பெண்களின் கால் வீக்கத்தைப் பற்றிப் பேசாமல் 'பீப்பிள் ஹெட்' என்ற பலகையை மாட்டிக்கொள்வது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பதும் அதே சட்டத்தில் உள்ளதுதான்.

பெரிய முதலாளி, "நம்மது குடும்பம் மாதிரி, எழுத்து எதற்கு?" என்று சொல்லக்கூடியவர் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அவரோடு வாதம் செய்யாமல் அவருடைய முன்னோர்கள் எப்படித் தொழில் செய்தார்கள் என்பதை நினைவுபடுத்துங்கள். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் கடைகள் நடந்தபோது, பணம் போட்டவர் செட்டிநாட்டில் இருந்தார், கடை கடலுக்கு அப்பால் இருந்தது. லட்சக்கணக்கான ரூபாயைக் கையாளும் அதிகாரம் மேலாள் கையில் இருந்தது. அவருக்கு உதவியாக அடுத்தாள், வேலை பழகப் பெட்டியடிப் பையன். இவர்கள் பெரும்பாலும் உறவுக்காரர்களோ பக்கத்து ஊர்க்காரர்களோதான். அப்படியும் வாய்ச்சொல்லில் விடவில்லை. மூன்று ஆண்டுத் தவணை, அந்தத் தவணைக்கு இவ்வளவு சம்பளம் என்று எழுத்தில் பேசி முடித்து, ஒரு பங்கைக் கிளம்புமுன்பே குடும்பச் செலவுக்குக் கொடுத்தார்கள். கடை லாபம் காட்டினால் மேலாளுக்கும் அதில் பங்கு. கணக்கு ஒழுங்காக ஊருக்கு வந்துகொண்டிருந்தது. பெட்டியடிப் பையனாகப் போனவர் படிப்படியாக மேலாளாகி, பிறகு சொந்தக் கடை வைத்த குடும்பங்கள் இந்தப் பக்கம் உண்டு.

பணி நியமனக் கடிதம், குறித்த காலப் பணி, முன்பணம், லாபப் பங்கு, பயிற்சியாளர், பதவி உயர்வுப் பாதை என்று இன்று நாம் புதுசு போலப் பேசுவதில் பாதி அங்கே இருந்தது. நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே எழுதி வைத்தார்கள் என்றால், உறவே இல்லாத 170 பேருக்கு எழுத்து இன்னும் எவ்வளவு அவசியம். அந்த முறையில் பெண்களுக்கு இடம் இல்லை, வெளியாளுக்கு மேலே வரும் வழியும் குறைவு. அதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எழுத்தையும் பங்கையும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது சட்டமும் உங்களுக்குத் துணை இருக்கிறது. 29 மத்தியச் சட்டங்களை அடக்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வரவேண்டும். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் சம்பளக் கணக்கை முடிக்கவேண்டும். குறித்த காலத்துக்கு எடுத்தவருக்கு ஒரு வருடம் முடிந்தாலே பணிக்கொடை உண்டு. மொத்த ஊதியத்தில் படிகள் பாதிக்கு மேல் போனால், அந்தக் கூடுதலையும் சேர்த்தே பி.எஃப்., பணிக்கொடைக்கான சம்பளத்தைப் பார்க்கவேண்டும். ஆகவே அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டிப் படிகளை ஏற்றி வைத்திருக்கும் பழைய சம்பளப் பட்டியலை உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

பலகாரக் கூடத்துப் பெண்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினாலும் அவர்கள் ஊழியர்கள்தான். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீடு இரண்டும் இப்படித் துண்டுக் கூலி வாங்குபவருக்கும் பொருந்தும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர் ஈ.எஸ்.ஐ.யில் வருவார். அவர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. எண்ணெய்ச் சட்டி முன்னால் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு அந்த அட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவேண்டியதில்லை. அவர்கள் பெயர் உங்கள் பதிவேட்டில் இல்லை என்றால், மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். ஆச்சியின் துணை இல்லாமல் இது நடக்காது, அவர்களிடம் நேராகப் போய்ப் பேசுங்கள்.

தொழில் லாபமாகவும் இதைப் பார்க்கலாம். கைமுறுக்குச் சுற்றத் தெரிந்தவர், சீப்புச் சீடையும் மனகோலமும் பதம் தவறாமல் எடுக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வயது, கூடவே யார் கற்றுக்கொள்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். உங்கள் நிறுவனத்தில் ஆள் போனால் ஈடுசெய்யவே முடியாத இடம் அந்தக் கூடமாக இருக்கலாம். மூத்த பெண்மணி ஒருவருக்குப் 'பயிற்சியாளர்' என்று பதவியும் அதற்குத் தனிப் படியும் கொடுத்து, இரண்டு இளம் பெண்களை அவரோடு சேர்த்துவிடுங்கள். கற்றுக்கொடுக்கும் நேரத்தில் கிலோ குறையும், கூலியும் குறையும். அந்த நஷ்டத்தை அவர் தலையில் போடக் கூடாது.

சரி, சின்ன முதலாளியின் கருவிகளுக்கு வருவோம். அவர் ஆர்வத்தோடு செய்கிறார், அதைத் தடுக்காதீர்கள். முகப்பதிவு வந்தால் வருகைக் குழப்பம் குறையும், உங்கள் நேரமும் மிஞ்சும். ஆனால் கருவிக்குள் என்ன விதி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பத்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் வெட்டு என்று போட்டிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். வராத நேரம் எவ்வளவோ அந்த விகிதத்துக்கு மேல் சம்பளம் பிடிக்கக் கூடாது என்பது ஊதியச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்புறம், கல்லல் பக்கமிருந்தும் குன்றக்குடிப் பக்கமிருந்தும் வருகிறவர்கள் டவுன் பஸ்ஸை நம்பித்தான் வருகிறார்கள். பஸ் நேரத்தை ஒரு தாளில் எழுதி, தேவைப்பட்டால் சிலருக்குத் தொடக்க நேரத்தையே கால் மணி தள்ளிவையுங்கள். தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகிறவர்கள் யார் என்று மார்கழியிலேயே கேட்டு ஷிப்ட் போட்டால், கடைசி நேரத்தில் "உடம்பு சரியில்லை" என்ற பொய் லீவுகளும் குறையும்.

முகப்படம் தனிப்பட்ட தகவல். 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக அமலுக்கு வந்துகொண்டிருக்கிறது. வேலை சார்ந்த தேவைக்கு ஊழியர் தகவலைப் பயன்படுத்த அது முதலாளிக்கு இடம் தருகிறது. அதைப் பாதுகாக்கும் பொறுப்பையும் அவர் தலையிலேயே வைக்கிறது. கருவி விற்றவரிடம், படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, யார் பார்க்கலாம், வேலையை விட்டவரின் படம் எப்போது அழிக்கப்படும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பதிலைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி ஊழியர்களுக்கும் கொடுங்கள்.

விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் மென்பொருளில்தான் எனக்குக் கவலை அதிகம். அமேசான் நிறுவனம் ஆள் எடுக்க இப்படி ஒன்றை உருவாக்கி, பிறகு கைவிட்டது 2018இல் செய்தியாக வந்தது. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் வந்த விண்ணப்பங்களைக் காட்டிப் பழக்கியிருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. எனவே பெண்கள் அமைப்பு, பெண்கள் கல்லூரி போன்றவை விண்ணப்பத்தில் இருந்தால் அது மதிப்பெண்ணைக் குறைத்தது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பழையதைப் பார்த்து அதுவே கற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில், ஆள் எடுக்கும் மென்பொருளை அதிக ஆபத்துள்ள வகையில் சேர்த்திருக்கிறார்கள்.

உங்கள் கடைக்கு இதை வைத்துப் பாருங்கள். கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக் கண்டாங்கியைத் தொட்டுப் பார்த்தே விசைத்தறிச் சேலையிலிருந்து பிரித்துச் சொல்லக்கூடிய, எட்டாம் வகுப்புப் படித்த ஓர் அம்மா வேலை கேட்டு வந்தால் மென்பொருள் என்ன மதிப்பெண் போடும்? பட்டப்படிப்பு இல்லை, கணினி அறிவு இல்லை, இடையில் பிள்ளை வளர்ப்புக்காக எட்டு ஆண்டு இடைவெளி. அடியில் தள்ளிவிடும். ஆகவே சின்ன முதலாளியிடம் இரண்டு விஷயத்துக்குச் சம்மதம் வாங்குங்கள். மென்பொருள் வரிசைப்படுத்திக் கொடுக்கலாம், யாரையும் தானாக நிராகரிக்கக் கூடாது. அது கீழே தள்ளியவர்களில் சிலரை ஒவ்வொரு முறையும் நீங்கள் கூப்பிட்டு நேரில் பார்ப்பீர்கள். ஆறு மாதம் கழித்து யார் நிலைத்தார்கள், யார் நன்றாக விற்றார்கள் என்று இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால் கருவியின் தகுதி உங்களுக்கே தெரிந்துவிடும்.

கணக்கப்பிள்ளை ஐயா விஷயத்தில் உங்களுக்குப் பொறுமை வேண்டும். முப்பது ஆண்டுகளாக யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் கடன், யார் அப்பாவுக்கு டயாலிசிஸ் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்த மென்பொருளிலும் அது இல்லை. ஜூனில் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட அட்வான்ஸ் கேட்டு அவர் முன்னால் நின்றவர்கள் இன்றைக்கும் அவர்மேல் மரியாதையாகத்தான் இருப்பார்கள். அதே சமயம், அட்வான்ஸ் ஒரு மனிதரின் நினைவிலும் தயவிலும் நடக்கும்போது, கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கும், கூச்சப்படுகிறவருக்குக் கிடைக்காது. அவரோடு உட்கார்ந்து அட்வான்ஸ் விதிகளை எழுதுங்கள். எவ்வளவு வரை, எத்தனை தவணை, வட்டி கிடையாது, மருத்துவ அவசரத்துக்கு அதே நாளில். அவசர அட்வான்ஸில் அவர் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். சம்பளம் போடும் வேலை கணினிக்குப் போனாலும், அவருக்கு மட்டுமே தெரிந்த பொறுப்பு அவரிடம் மிச்சமிருக்கவேண்டும். பெரிய முதலாளி முன்னிலையில் "இதை ஐயாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்" என்று உண்மையாக இருக்கும் இடத்தில் சொல்லுங்கள். அவர் உங்களை எதிராளியாக நினைப்பது அப்படித்தான் கரையும்.

கடைசியாக, சென்னைக்குப் போவது. அங்கே சம்பளம் கூடும், பதவிப் பெயரும் பெரிதாக இருக்கும். ஆனால் பெரிய நிறுவனத்தில் நீங்கள் ஒரு பிரிவின் ஒரு மூலையைத்தான் பார்ப்பீர்கள். ஆள் எடுப்பு என்றால் ஆள் எடுப்பு மட்டும். இங்கே 170 பேரின் முழு வேலை வாழ்க்கையும் உங்கள் கையில் இருக்கிறது. அம்மாவும் ஊரில்தான் இருக்கிறார்கள். இன்னும் ஒரு வருடம் கொடுத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். ஒரு நிபந்தனையோடு. முதலாளிகள் இருவரும் உட்காரும் மாதாந்தரக் கூட்டத்தில் உங்களுக்கும் இடம் வேண்டும், விற்பனைக் கணக்கோடு ஆள் கணக்கும் அதில் பேசப்படவேண்டும். இதைச் சின்ன முதலாளியிடம் கேளுங்கள். அவர் தந்த பதவிப் பெயருக்கு அதுதான் பொருத்தம் என்று அவருக்கே தெரியும். முதல் கூட்டத்துக்கு அந்த 5,76,000 மாதிரியான ஒரு தாளோடு போங்கள்.

ஆனால் ஒரு பாலியல் புகாரை அமுக்கச் சொன்னாலோ, பி.எஃப். பதிவேட்டில் பொய் எழுதச் சொன்னாலோ, இத்தனை பேசிய பிறகும் பெயர் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நெருக்கினாலோ, அந்த ஒரு வருடத்துக்காகக் காத்திருக்காதீர்கள். பதிவேட்டில் கையெழுத்து உங்களுடையது, பிறகு பதில் சொல்லவேண்டியவரும் நீங்கள்தான். அப்படி ஒரு நிலை வந்தால் மறுபடி எழுதுங்கள். சென்னையில் எந்த மாதிரி நிறுவனத்தைத் தேடுவது, நேர்காணலில் அவர்களிடம் நீங்கள் என்ன கேட்கவேண்டும் என்பதை அப்போது விரிவாகப் பேசலாம்.